தடம் புரண்ட ரயில்களும் ஆங்கிலக் குறுக்கெழுத்தும்

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கப் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொல் விளையாட்டுப் போட்டி ஒன்று நடந்தது. நடுவராக என்னை உட்கார வைத்திருந்தார்கள். போட்டி முடிந்து, சர்க்கரைப் பொங்கல் தொன்னையும் கையுமாக நின்றுகொண்டிருந்தபோது இரண்டு மூன்று பெற்றோர் வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். “சார், இதற்கெல்லாம் வொகாபுலரி நிறைய வேண்டுமே, எந்த டிக்‌ஷனரியை வாங்கிக் கொடுக்கலாம்?” அந்தக் கூட்டத்தில் நான் சொன்ன பதில் அரைகுறையாகப் போய்விட்டது. ஆகவே செயலாளரிடம் இந்த இதழில் இரண்டு பக்கம் கேட்டு வாங்கிக்கொண்டு எழுதுகிறேன்.

டிக்‌ஷனரி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் குறுக்கெழுத்துக்கும் ஸ்க்ராபிளுக்கும் வேண்டிய ஆங்கிலம் நாம் நினைக்கிற ஆங்கிலம் அல்ல. அது ஒரு தொழில் பாஷை. இதை நான் கொஞ்சம் அவமானப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

எஸ்.எஸ்.எல்.சி. வரை எனக்குத் தமிழ் மீடியம். பிறகு சிவில் டிப்ளமோ. 1981இல் ரயில்வேயில் பெர்மனென்ட் வே பகுதியில், அதாவது தண்டவாளப் பராமரிப்பில் சேர்ந்து, 2019இல் ஓய்வு பெற்றேன். வேலையில் சேர்ந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். ஒரு மேலதிகாரி என் செக்‌ஷனைப் பார்வையிட சலூனில் வந்தார். சலூனை ரயிலின் கடைசியில் மாட்டி, பின்பக்கக் கண்ணாடி வழியாகத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போவது வழக்கம். கி.மீ. கல்லையும் வளைவுகளையும் நான் சொல்லிக்கொண்டு வந்தேன். நடுவில் ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்றது. அவர் மடியிலிருந்த ஆங்கிலப் பத்திரிகையை எடுத்து, “ஃப்ளவர் ஆஃப் லண்டன், ஆறு எழுத்து. சொல்லும் பார்க்கலாம்” என்றார். நான் பூக்களை யோசித்தேன். ரோஜாவுக்கு நாலு எழுத்துதான் வருகிறது. லில்லிக்கும் நாலுதான். பதற்றத்தில் “லோட்டஸ், சார்” என்று சொல்லிவிட்டேன். லண்டனில் தாமரை! சலூனில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். விடை ‘தேம்ஸ்’. ‘ஃப்ளோ’ செய்வது எதுவோ அது ‘ஃப்ளவர்’, அதாவது ஓடுகிற நதி.

கெட்ட எண்ணத்தோடு சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அது ஆழமாகப் பதிந்துவிட்டது. கான்வென்டில் படித்தவர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒரு ஆங்கிலம் எனக்குத் தெரியவில்லை, இனித் தெரியப்போவதும் இல்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். குரூப் பி பதவி உயர்வுக்கான டிபார்ட்மென்ட் தேர்வு இரண்டு முறை வந்தது. நேர்காணல் ஆங்கிலத்தில் இருக்குமே என்று இரண்டு முறையும் விண்ணப்பிக்காமல் இருந்துவிட்டேன். வீட்டில் கேட்டபோது வேலை அதிகம் என்று காரணம் சொன்னேன்.

என் மயக்கத்தைத் தெளிய வைத்தவர் ஓர் ஆங்கிலோ இந்தியக் கார்டு. கூட்ஸ் வண்டியை லூப் லைனில் போட்டால் மணிக்கணக்கில் நிற்கும். அவர் பிரேக் வேனில் தகரப் பெட்டியின் மேல் பத்திரிகையை விரித்து வைத்துக் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் பேச்சுவாக்கில் தேம்ஸ் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “உன் கேங்கில் எத்தனை பேர் இங்கிலீஷ் படித்தவன், மேன்?” என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். “ஃபிஷ் பிளேட் கொண்டு வா என்றால் மீன் கொண்டு வருகிறானா?”

அவ்வளவுதான் விஷயம். ஃபிஷ் பிளேட்டில் மீன் இல்லை, டாக் ஸ்பைக்கில் நாய் இல்லை, ஸ்லீப்பர் தூங்குவதில்லை. ஹோம் என்றால் எங்களுக்கு வீடு அல்ல, சிக்னல். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத கேங்மேனுக்கு இவையெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆக்ஸ்ஃபோர்டில் இலக்கியம் படித்த ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும், சொல்லிக் கொடுக்காவிட்டால் அவருக்குத் தெரியாது. அதேபோல ‘ஃப்ளவர்’ நதியாகவும் இருக்கும் என்பது குறுக்கெழுத்துக்காரர்களின் தொழில் வழக்கு. ‘பேங்கர்’ என்றாலும் அங்கே நதிதான்; கரை உள்ளது நதி அல்லவா? இதில் நமக்குப் புதிது என்று ஒன்றும் இல்லை. பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே பாட்டில் பொருள் வைத்துக் காளமேகப் புலவர் சிலேடை பாடியதை எங்கள் தமிழாசிரியர் ஒரு வாரம் நடத்தினார். சிலேடையை ரசித்த பையனுக்கு ‘ஃப்ளவர்’ புரியாமல் போனதற்குக் காரணம் ஆங்கிலம் அல்ல, பயம்.

கார்டு எனக்குச் சொல்லிக் கொடுத்த முறை மிக எளிது. புதிரை அவிழ்க்க முயலாதே; நேற்றைய குறிப்புகளையும் இன்று வந்திருக்கும் விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்த விடை எப்படி வந்தது என்று மட்டும் பார். தளவாடத்தைக் கழற்றிப் பார்த்து வரைபடம் போடுவது மாதிரி. ஒரு பழைய ஃபீல்டு புக்கில் எழுத ஆரம்பித்தேன். மூன்று மாதத்தில் இயந்திரம் விளங்கிவிட்டது.

ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு பாகம் உண்டு. ஒன்று விடையின் நேர்ப்பொருள். அது எப்போதும் வாக்கியத்தின் ஆரம்பத்திலோ முடிவிலோதான் இருக்கும், நடுவில் இருக்காது. மற்ற பாகம், அந்த விடையை எழுத்து எழுத்தாகக் கட்டும் வழி. வாக்கியம் வெளியே சொல்கிற கதையை நம்பவே கூடாது. நானே கட்டிய ஓர் உதாரணம் தருகிறேன். ‘ட்ரெயின்ஸ் டீரெயில்ட், காஸிங் டென்ஷன்’, ஆறு எழுத்து. படித்தால் விபத்துச் செய்தி மாதிரி இருக்கும். ஆனால் ‘டீரெயில்ட்’ என்பது இங்கே ஓர் உத்தரவு: முன்னால் நிற்கும் எழுத்துகளைத் தடம் புரட்டு. டி-ஆர்-ஏ-ஐ-என்-எஸ் என்ற ஆறையும் கலைத்துப் போட்டால் எஸ்-டி-ஆர்-ஏ-ஐ-என், ஸ்ட்ரெயின். கடைசியிலுள்ள டென்ஷன்தான் பொருள். உற்றுப் பார்த்தால் கலைக்கக்கூட வேண்டாம்; கடைசிப் பெட்டியான எஸ்ஸைக் கழற்றி ஷண்டிங் செய்து முன்னால் மாட்டினால் போதும். (ஸ்ட்ரெயின் என்பது நீள மாற்றத்துக்கும் மூல நீளத்துக்கும் உள்ள விகிதம், டென்ஷன் என்பது இழுவிசை, இரண்டும் ஒன்றல்ல என்று பாலிடெக்னிக் படித்தவர்கள் ஆட்சேபிக்கலாம். எனக்கும் ஆட்சேபம் உண்டு. குறுக்கெழுத்துக்காரர்கள் கேட்கமாட்டார்கள்.)

ஆகவே பிள்ளைகள் முதலில் சேர்க்க வேண்டிய சொற்பட்டியல் இந்த உத்தரவுச் சொற்கள். உடைந்த, குழம்பிய, குடித்த, சமைத்த, ஆடும், காட்டுத்தனமான, புதிய என்று பொருள் தரும் எந்த ஆங்கிலச் சொல் வந்தாலும் எழுத்துகளைக் கலைக்க வேண்டும் என்று சந்தேகப்பட வேண்டும். ‘பேக்’ என்றால் திருப்பிப் படி. மேலிருந்து கீழ் வரும் விடையானால் ‘அப்’ என்றாலும் அதேதான். ‘வீ ஹியர்’, ‘ஆன் ரேடியோ’ என்றால் எழுத்தை விட்டுவிட்டு ஓசையைக் கவனி. ‘சம்’ என்றால், சொல்லின் ஒரு துண்டிலேயே விடை ஒளிந்திருக்கிறது. ‘சம் பெர்மனென்ட் ஹேர்’, நாலு எழுத்து: பெர்மனென்ட் என்ற சொல்லின் நடுவில் எம்-ஏ-என்-ஈ, மேன், குதிரையின் பிடரி மயிர், உட்கார்ந்திருக்கிறது. பெர்மனென்ட் வேயில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தும் அந்தக் குதிரை என் கண்ணில் படவில்லை.

இரண்டாவது பட்டியல் சுருக்கெழுத்துகள். இதில்தான் சுவாரசியம் அதிகம். மாலுமி என்றால் டி-ஏ-ஆர் அல்லது ஏ-பி. டாக்டர் என்றால் டி-ஆர், ஜி-பி, எம்-ஓ. அன்பு என்றால் பூஜ்யம், அதாவது ஓ. டென்னிஸ் ஆட்டத்தில் ‘லவ்’ என்பார்களே, அது. மெதுவாக என்றால் பி, உரக்க என்றால் எஃப். இரண்டும் மேற்கத்திய சங்கீதக் குறிகள். ஐம்பது, நூறு, ஐந்நூறு, ஆயிரம் எல்லாம் ரோமன் எண்கள். ரயில்வே என்றால் ஆர்-ஒய். ‘காஸ்ப் பிஃபோர் ரெயில்வே ஸ்டோர்ரூம்’, ஆறு எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்குவதற்கு இன்னொரு ஆங்கிலச் சொல் ‘பான்ட்’, அதன் பின்னால் ஆர்-ஒய்: பான்ட்ரி. நாம் ஊருக்குப் போகும்போது வண்டியில் காபி கொண்டு வருகிறார்களே, அதே பான்ட்ரிதான்.

ரயில்வேக்கு இன்னொரு சுருக்கம் பி-ஆர். அது பிரிட்டிஷ் ரெயில்வேஸ். அந்த நிறுவனம் 1948இல் தேசியமயமாகி, 1990களில் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டு மறைந்துவிட்டது. குறுக்கெழுத்தில் மட்டும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. பி-ஆர், ஏ-என், சர்ச்சுக்குச் சுருக்கமான சி-எச், மூன்றையும் கோத்தால் ‘பிராஞ்ச்’ என்று ஒரு கிளைப்பாதையே வந்துவிடும். ‘எஞ்சினீயர்ஸ்’ என்று வந்தால் ஆர்-ஈ. பிரிட்டிஷ் ராணுவத்தின் ராயல் எஞ்சினீயர்ஸ் படைப்பிரிவு. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டங்களின் வயதும் ஒன்றும் அதிகமில்லை. இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21இல் ‘நியூயார்க் வேர்ல்டு’ பத்திரிகையில் வைர வடிவத்தில் ஒரு புதிர் போட்டார். அதுதான் தொடக்கம். லண்டன் ‘டைம்ஸ்’ 1930இல்தான் இறங்கி வந்தது. கதைபோலச் சொல்லி ஏமாற்றும் ரகத்தை வளர்த்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். அவர்களில் இரண்டு பேர் டார்க்விமாடா, ஸிமெனெஸ் என்று ஸ்பெயின் நாட்டு மதவிசாரணை அதிகாரிகளின் பெயர்களைப் புனைபெயராக வைத்துக்கொண்டார்கள் என்றால் பாருங்களேன், எவ்வளவு நல்லெண்ணம்! நம் ‘ஹிந்து’ பத்திரிகையின் குறுக்கெழுத்தை 1970களில் முதலில் அமைத்தவர் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி. செங்கல்பட்டில் பிறந்தவர், 1958இல் இந்தியக் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர். மாலுமிக்கு ஏ-பி என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க வேண்டியதில்லை.

அமெரிக்கப் புதிர்களின் சொற்பட்டியல் வேறு. அங்கே கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தும் குறுக்கிலும் நெடுக்கிலும் பொருந்தியாக வேண்டும். அதனால் உயிரெழுத்து நிறைந்த குட்டிச் சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஈ-ஆர்-ஏ, ஓ-ஆர்-ஈ, கற்றாழைக்கு ஏ-எல்-ஓ-ஈ, ஊசி வைக்கும் சிறு பெட்டிக்கு ஈ-டி-யு-ஐ. இந்தக் கடைசிச் சொல்லை வாழ்க்கையில் யாரும் பேசிக் கேட்டதில்லை. நம் ஸாரியும் ஆக்ராவும் ராணியும் அங்கே அடிக்கடி எட்டிப் பார்ப்பது இந்தியா மேலுள்ள பிரியத்தால் அல்ல, எழுத்து வாகுக்காகத்தான்.

ஸ்க்ராபிள் இன்னும் வெளிப்படையான எண் கணக்கு. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்த ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞர், பத்திரிகைப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணினார். அந்த எண்ணிக்கையை வைத்தே வில்லைகளைப் பங்கிட்டார். 1948இல் அதற்கு ஸ்க்ராபிள் என்று பெயர் வந்தது. நூறு வில்லைகளில் ஈ மட்டும் பன்னிரண்டு. எஸ் நாலே நாலு. அதிகம் கொடுத்தால் எல்லாவற்றையும் பன்மையாக்கியே ஜெயித்துவிடுவார்கள். க்யூ ஒன்றுதான், அதற்குப் பத்து மதிப்பு. கையிலுள்ள ஏழு வில்லைகளையும் ஒரே சமயத்தில் வைத்தால் ஐம்பது உபரி. நம் ‘ட்ரெயின்ஸ்’ ஆறெழுத்துடன் ஒரு ஈ சேர்த்துப் பாருங்கள். ரீடெய்ன்ஸ், நாஸ்டியர், ரெடினாஸ் என்று மூன்று ஏழெழுத்துச் சொற்கள் வந்து நிற்கும். அதிகமாகக் கிடைக்கும் எழுத்துகளே இவைதான் என்பதால், போட்டிக்கு ஆடுகிறவர்கள் இந்த மாதிரிக் கூட்டங்களைப் பெருக்கல் வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்கிறார்கள். அர்த்தம் தெரியாமலேகூட! அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆனால் ஜெயிக்கிறார்கள்.

நாக்பூரில் எங்களுடனேயே வளரும் பேத்திக்குப் பன்னிரண்டு வயது. ஹிந்தி, மராத்தி, ஆங்கிலம் மூன்றும் படிப்பாள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. ஸ்க்ராபிளில் க்யூ கைக்கு வந்தால் எல்லாக் குழந்தைகளும் யு வரட்டும் என்று காத்திருப்பார்கள், இவள் காத்திருப்பதில்லை. சர்வதேசப் போட்டிகளில் பயன்படும் காலின்ஸ் பட்டியலில் தலாக், வக்ஃப், கவ்வாலி மூன்றும் க்யூ போட்டு, பின்னால் யு இல்லாமல், இருக்கின்றன. மூலைக்கடை ரேடியோவில் கேட்கிற சொற்கள் அவளுக்கு ஜெயிக்கிற சொற்கள். சீனர்கள் உயிர்ச்சக்திக்குச் சொல்லும் க்யூ-ஐயும் உண்டு. இரண்டெழுத்துச் சொற்களில் வி சேர்ந்தது மட்டும் ஒன்றுகூட இல்லை. வி வந்தால் தலையெழுத்துதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஏ-என்-ஐ-சி-யு-டி என்று ஆறு வில்லைகளை வைத்தேன். “தாத்தா, ஏமாத்தாதீங்க. அனிகட்னு ஒரு வார்த்தையே கிடையாது” என்றாள். பட்டியலைத் திறந்து பார்த்தாள், இருந்தது. அணைக்கட்டு என்ற சொல்லை வெள்ளைக்கார எஞ்சினீயர்கள் அப்படி எழுதினார்கள், கல்லணையை இன்றும் ஆங்கிலத்தில் கிராண்ட் அனிகட் என்றுதான் எழுதுகிறார்கள் என்றேன். அப்புறம் விடவில்லை. கட்டுமரத்திலிருந்து கேட்டமரான், சுருட்டிலிருந்து செரூட், கஞ்சியிலிருந்து காஞ்ஜி, மிளகுத்தண்ணீரிலிருந்து மல்லிகடானி, வெட்டிவேர் அப்படியே வெட்டிவேர் என்று எழுத எழுத ஒரு பக்கம் நிறைந்தது. இட்லியும் தோசையும்கூடப் பட்டியலில் உண்டு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அணைக்கட்டைத் தமிழில் எழுதிக் காட்டுங்க” என்றாள். எழுதினேன். ‘ணை’யின் சுழியை அவள் எண்ணி எண்ணிப் பார்த்து எழுதினாள். இப்போது ஞாயிறுதோறும் ஆட்டத்துக்கு முன் ஒரு சொல் தமிழில் எழுதுவது என்று வைத்திருக்கிறோம்.

அவள் பதிலுக்கு எனக்கு வேர்டில் சொல்லிக் கொடுத்தாள். ஜாஷ் வார்டில் என்பவர் உருவாக்கி 2021இல் வெளியிட்டது, 2022இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ வாங்கிக்கொண்டது. ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சியில் கண்டுபிடிக்க வேண்டும். முதல் சொல்லில் அதிகம் வழங்கும் எழுத்துகளை இறக்க வேண்டும் என்பதுதான் சூட்சுமம். அன்று பட்ஸ் எண்ணிய அதே எண்ணிக்கை. கிரேன், ஸ்லேட் என்று ஆளாளுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். நான் தினமும் காலையில் ‘ட்ரெயின்’ போட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். மோசமில்லை.

பதவி உயர்வுத் தேர்வை மூன்றாம் முறை வந்தபோது எழுதினேன். எழுத்துத் தேர்வில் தேறி நேர்காணலுக்குப் போனேன். கேட்டதற்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பதில் சொன்னேன், நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. தேர்வாகவில்லை. என்னைவிடச் சீனியர்கள் நாலு பேர் இருந்தார்கள். முதல் இரண்டு முறையும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில சமயம் நினைப்பதுண்டு.

போன மாதம் என் பிறந்தநாளுக்குப் பேத்தி ஒரு அட்டை செய்து கொடுத்தாள். உள்ளே வாழ்த்துக்குப் பதில், அவளே முதன்முதலாகக் கட்டிய ஒரு குறிப்பு. ‘எஞ்சினீயர்ஸ் வியரி, நோ லாங்கர் வொர்க்கிங்’, ஏழு எழுத்து. களைத்துப்போன எஞ்சினீயர்கள், இப்போது வேலையில் இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவன், காபி ஆறிப்போன பிறகுதான் கண்டுபிடித்தேன். வேண்டிய சாமான் எல்லாம் மேலே கொடுத்திருப்பதால் விடையை வாசகர்களிடமே விட்டுவிடுகிறேன்.